அடுப்படி ஆங்கிலம்: உச்சியும் பாதாளமும்

போன வாரம் பள்ளிக்கூடம் விட்டு வந்த என் பேத்தி, பையை ஒரு மூலையில் வீசிவிட்டு, "பாட்டி, திஸ் இஸ் தி வொர்ஸ்ட் டே ஆஃப் மை லைஃப்!" என்றாள். பதறிப்போய், "என்னடி கண்ணு ஆச்சு?" என்று கேட்டேன். பென்சில் டப்பா தொலைந்துவிட்டதாம். அவளுக்கு வயது ஏழு. முந்தின நாள்தான் ரவா தோசையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, "திஸ் இஸ் தி பெஸ்ட் தோசை இன் தி வேர்ல்டு" என்று சர்ட்டிபிகேட் கொடுத்திருந்தாள்.

"சரி, நாளைக்கு டிபன் டப்பாவும் சேர்ந்து தொலைஞ்சா அதுக்கு என்ன சொல்லுவே?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தாள். "வொர்ஸ்ட்டெஸ்ட்!" என்றாள்.

சிரித்துவிட்டேன். ஆனால் அன்று ராத்திரி பாத்திரம் கழுவும்போது இன்னொருத்தி ஞாபகம் வந்தது. என் ஓர்ப்படி. 'வொர்ஸ்ட்' என்று சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாமல் விட்டு, உயிரையே விடப் பார்த்தவள். அவள் கதையைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் வழக்கம்போல் பாடம்.

வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: "வெரி குட், வெரி வெரி குட் என்றே சொல்லி அலுத்துவிட்டது. காலேஜில் படிக்கும் என் பெண் எபிடோம், பாரகன், ஜெனித் என்று என்னென்னவோ சொல்கிறாள். அகராதியைப் புரட்டினால் பாதிக்கு 'உச்சம்' என்றும், மீதிக்கு 'சிறந்த உதாரணம்' என்றும் போட்டிருக்கிறது. எதை எங்கே போடுவது?"

நல்ல கேள்வி. அகராதியில் ஒரே அர்த்தம் போட்டிருந்தாலும் இந்தச் சொற்கள் ஒன்றுக்கொன்று மாற்று இல்லை. கரண்டி, அகப்பை, ஜல்லிக்கரண்டி மூன்றும் 'கரண்டி'தான். அதற்காக ஜல்லிக்கரண்டியால் ரசம் ஊற்ற முடியுமா?

முதலில் அடிப்படை

ஸ்கூலில் படித்தது ஞாபகம் இருக்கிறதா? குட், பெட்டர், பெஸ்ட். பேட், வொர்ஸ், வொர்ஸ்ட். பாஸிட்டிவ், கம்பாரட்டிவ், சூப்பர்லேட்டிவ் என்று மூன்று டிகிரி. "ராமன் வகுப்பிலேயே உயரமான பையன்" என்பதை "நோ அதர் பாய் இன் தி கிளாஸ் இஸ் ஆஸ் டால் ஆஸ் ராமன்" என்று மாற்றி எழுதிக் கை ஓய்ந்து போயிருப்போம்.

தமிழில் இதற்குத் தனி விகுதி கிடையாது. 'உயரம்' என்ற சொல்லை வைத்துக்கொண்டு, 'எல்லாரையும்விட உயரம்', 'இருப்பதிலேயே உயரம்' என்று பக்கத்தில் ஒரு சொல்லைச் சேர்த்துத்தான் சொல்கிறோம். அதனால்தான் ஆங்கிலத்தில் நமக்கு மூன்று இடத்தில் கால் வழுக்குகிறது.

ஒன்று, 'தி' போட மறந்துவிடுகிறோம். "ஷி இஸ் பெஸ்ட் குக்" என்பது தவறு. "ஷி இஸ் தி பெஸ்ட் குக்" என்பதே சரி.

இரண்டு, "ஒன் ஆஃப் மை பெஸ்ட் ஃப்ரெண்டு" என்கிறோம். நல்ல சிநேகிதிகள் பல பேர், அவர்களில் இவள் ஒருத்தி என்றுதானே அர்த்தம்? ஆகவே "ஒன் ஆஃப் மை பெஸ்ட் ஃப்ரெண்ட்ஸ்" என்று பன்மையில் வர வேண்டும். பெரிய பெரிய மேடைகளிலேயே இந்த 'ஸ்' காணாமல் போவதைக் கேட்டிருக்கிறேன்.

மூன்று, "மோர் பெட்டர்". பெட்டர் என்றாலே 'அதைவிட நல்லது'. அதன் தலையில் மோர் எதற்கு? என் பேத்தியின் 'வொர்ஸ்ட்டெஸ்ட்' போலத்தான் இதுவும். அவளுக்காவது வயது ஏழு!

உச்சியைச் சொல்லும் சொற்கள்

ஜெனித்: இது வானசாஸ்திரச் சொல். 'தலைக்கு மேலே செல்லும் வழி' என்று பொருள்படும் அரபுச் சொல், லத்தீன் வழியாக ஐரோப்பாவுக்குப் போய் இப்படி உருமாறியது. நீங்கள் நிற்கும் இடத்தில் உங்கள் உச்சந்தலைக்கு நேர் மேலே வானத்தில் உள்ள புள்ளிதான் ஜெனித். சென்னையில் வருஷத்துக்கு இரண்டு முறை, ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு நாளும் ஆகஸ்டு மூன்றாம் வாரத்தில் ஒரு நாளும், நண்பகலில் சூரியன் சரியாக இந்தப் புள்ளிக்கு வரும். அப்போது மொட்டை மாடியில் ஒரு டம்ளரை நிறுத்திவைத்துப் பாருங்கள். பக்கத்தில் நிழலே விழாது.

ஆனால் சூரியன் அங்கேயே நிற்பதில்லை, சாயத் தொடங்கிவிடும். ஆகவே, ஏறி இறங்கும் தன்மை உள்ளவற்றுக்கே ஜெனித் பொருந்தும். புகழ், அதிகாரம், சாம்ராஜ்யம் எல்லாம் அந்த ரகம். "தி சோழா எம்பயர் ரீச்ட் இட்ஸ் ஜெனித் அண்டர் ராஜேந்திர சோழா" என்று சரித்திரப் புத்தகத்தில் வரும்.

நேடிர்: ஜெனித்துக்கு நேர் எதிர். இதுவும் அரபு மொழியிலிருந்து வந்ததுதான். 'எதிரே உள்ளது' என்று பொருள். உங்கள் காலடிக்கு நேர் கீழே, பூமியைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போனால் வரும் வானத்துப் புள்ளி. நம் பாஷையில் அதலபாதாளம். "தட் வாஸ் தி நேடிர் ஆஃப் அவர் ஃபார்ச்சூன்ஸ்" என்றால், குடும்பம் அதற்குமேல் தாழ முடியாத நிலைக்குப் போயிருந்தது என்று அர்த்தம். இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஆஸ்பத்திரியில் மறுபடி சந்திப்போம்.

பினக்கிள்: பெரிய கட்டடத்தின் மேல் கூர்ந்து நிற்கும் சிறு கோபுரம். கீழிருந்து கல்லின் மேல் கல் வைத்துக் கட்டினால்தான் அங்கே போக முடியும். ஆகவே, உழைத்து அடைந்த உயரத்தைச் சொல்ல இது ஏற்றது. முப்பது வருஷம் வேலை பார்த்துத் தலைமை ஆசிரியை ஆனவரைப் பற்றி, "ஷி ஹாஸ் ரீச்ட் தி பினக்கிள் ஆஃப் ஹெர் கேரியர்" என்று சொல்லலாம். லாட்டரிச் சீட்டில் பணம் விழுந்தவருக்கு இதைச் சொன்னால் அவ்வளவாக ஒட்டாது.

ஆக்மி: கிரேக்கச் சொல். கூரிய முனை, பூரண வளர்ச்சி, இளமையின் உச்சம் என்றெல்லாம் பொருள். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. வயசுப் பெண்கள் முகத்தில் வரும் பருவுக்கு டாக்டர்கள் 'ஆக்னி' என்கிறார்கள் இல்லையா? அந்தப் பெயரே இந்த 'ஆக்மி'யிலிருந்து வந்ததுதான் என்று சொல்லாராய்ச்சிக்காரர்கள் கருதுகிறார்கள். பழைய கிரேக்க மருத்துவ நூலைப் பிரதி எடுத்த யாரோ ஒருவர் ஓர் எழுத்தை மாற்றி எழுதிவிட, அதுவே உலகம் முழுக்க நிலைத்துவிட்டதாம். பருவைக் கிள்ளிக் கிள்ளி அழும் பெண்ணிடம், "இது இளமையின் உச்சத்துக்கு வைத்த பெயர்டீ" என்று சொல்லிப் பாருங்கள். பரு போகாது, முகத்தில் கொஞ்சம் சிரிப்பு வரும்.

சிறந்த உதாரணத்தைச் சொல்லும் சொற்கள்

எபிடமி: முதலில் உச்சரிப்பு. இது எபிடோம் இல்லை. 'எ-பி-ட-மி' என்று நான்கு அசையாக, 'பி'யில் அழுத்தம் கொடுத்துச் சொல்ல வேண்டும். கிரேக்க மொழியில் 'வெட்டிச் சுருக்குதல்' என்று பொருள். ஒரு பெரிய புத்தகத்தின் சுருக்கத்துக்குத்தான் முதலில் இந்தப் பெயர் இருந்தது. பிறகு, ஒரு பெரிய குணம் முழுவதும் ஒரே ஆளிடம் சுருங்கி வந்து உட்கார்ந்திருந்தால் அவரையும் இப்படிச் சொல்ல ஆரம்பித்தார்கள். "ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்கிறோமே, அந்த ஒரு சோறுதான் எபிடமி. "மை மதர் இஸ் தி எபிடமி ஆஃப் பேஷன்ஸ்." பொறுமை என்றால் என்னவென்று தெரிய வேண்டுமா, என் அம்மாவைப் பார் என்று அர்த்தம். கெட்ட குணத்துக்கும் இதைப் போடலாம். "ஹி இஸ் தி எபிடமி ஆஃப் லேஸினஸ்" என்பது சரியான ஆங்கிலம். யாரைச் சொல்கிறேன் என்று கேட்காதீர்கள்.

பாரகன்: செருப்பு ஞாபகம் வருகிறதா? எனக்கும் அதுதான் வந்தது. ஆனால் பழைய இத்தாலிய மொழியில் இந்தச் சொல்லுக்கு உரைகல் என்று பொருள். பொற்கொல்லர் தங்கத்தை உரசி மாற்றுப் பார்க்கிறாரே, அந்தக் கறுப்புக் கல். எந்த மனிதரோடு உரசிப் பார்த்தால் மற்றவர்களின் தரம் தெரியுமோ அவர் பாரகன். நூறு காரட்டும் அதற்கு மேலும் எடையுள்ள, குற்றம் குறை இல்லாத வைரத்தையும் இந்தப் பெயரால் அழைப்பது உண்டு. இது நல்லதுக்கு மட்டுமே வரும் சொல். "எ பாரகன் ஆஃப் வர்ச்சூ" என்றால் நற்குணத்தின் உரைகல். 'பாரகன் ஆஃப் லேஸினஸ்' என்றால் கிண்டல் செய்கிறீர்கள் என்று ஆகிவிடும். எபிடமிக்கும் பாரகனுக்கும் வித்தியாசம் இதுதான்.

க்வின்ட்டெஸன்ஸ்: லத்தீனில் 'ஐந்தாவது சாரம்'. மண், நீர், காற்று, நெருப்பு என்ற நான்கு பூதங்களுக்கு மேல் வானுலகப் பொருள்கள் எல்லாம் ஐந்தாவது ஒரு பொருளால் ஆனவை என்று அரிஸ்டாட்டில் சொன்னார். நம் பஞ்சபூதத்தில் ஆகாயம் வருவது உங்களுக்குச் சட்டென்று நினைவு வரும். அந்த ஐந்தாவது சாரத்தை வடித்தெடுத்துவிடலாம் என்று ஐரோப்பிய ரசவாதிகள் நூற்றாண்டுக் கணக்கில் அடுப்பு மூட்டிக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். சாரம் கிடைக்கவில்லை, சொல் கிடைத்தது. ஒரு பொருளின் அசல் தன்மை எதில் வடிகட்டி இறங்கியிருக்கிறதோ அது க்வின்ட்டெஸன்ஸ். டபராவில் நுரை ததும்பும் டிகாஷன் காப்பியை, "தி க்வின்ட்டெஸென்ஷல் சவுத் இண்டியன் டிரிங்க்" என்று எழுதுவார்கள். அது உலகத்திலேயே உசத்தியான பானம் என்று இதற்கு அர்த்தமில்லை. தென்னிந்தியத் தன்மை அதில் முழுசாக இறங்கியிருக்கிறது என்றுதான் அர்த்தம்.

எக்ஸெம்ப்ளரி: 'எக்ஸாம்பிள்' என்ற சொல்லின் உடன்பிறப்பு. மற்றவர்கள் பார்த்துப் பின்பற்றும்படி இருப்பது. பிள்ளைகளின் ரிப்போர்ட்டில் "எக்ஸெம்ப்ளரி காண்டக்ட்" என்று இருந்தால் சந்தோஷப்படுங்கள். கோர்ட்டில் "எக்ஸெம்ப்ளரி பனிஷ்மெண்ட்" என்று சொன்னால், மற்றவர்களுக்குப் பாடமாக இருக்கும்படி கடுமையாகத் தண்டிப்பது. பார்த்துப் பயப்படுவதற்கும் அதே சொல்தான்.

கால் வாரிவிடும் சொற்கள்

பெனல்ட்டிமேட்: 'அல்ட்டிமேட்' என்றால் முடிவானது, கடைசி. அதற்கு முன்னால் ஒரு 'பென்' வருகிறதே, இன்னும் உசத்தியாக இருக்கும்போலிருக்கிறது என்று நினைத்துப் பலர் ஏமாந்துபோகிறார்கள். இதன் பொருள், கடைசிக்கு முந்தினது. அவ்வளவுதான். டிசம்பர் கடைசி மாதம் என்றால் நவம்பர் பெனல்ட்டிமேட் மாதம். "திஸ் இஸ் தி பெனல்ட்டிமேட் சாம்பார்" என்று யாரையாவது பாராட்டினால், நாளைக்கு ஒரு தடவை சாம்பார் வைத்துவிட்டு அடுப்படியை விட்டே போகப்போகிறார் என்று ஆகிவிடும்.

இக்ரீஜியஸ்: லத்தீனில் 'மந்தையிலிருந்து தனித்து நிற்பது'. ஒரு காலத்தில் இது பாராட்டு. நாளாக ஆக அர்த்தம் தலைகீழாகப் புரண்டு, இப்போது 'தனித்துத் தெரியும்படி படுமோசமான' என்று ஆகிவிட்டது. "ஆன் இக்ரீஜியஸ் மிஸ்டேக்" என்றால் மன்னிக்க முடியாத தவறு. பழைய அகராதியைப் பார்த்து யாரையும் இப்படிப் புகழ்ந்துவிடாதீர்கள்.

யுனீக்: தன்னைப்போல் இன்னொன்று இல்லாதது. ஒன்றே ஒன்று என்றால் ஒன்றே ஒன்றுதான். அதில் கொஞ்சம் அதிகம், ரொம்ப அதிகம் என்று ஏது? ஆகவே "மோஸ்ட் யுனீக்" என்று சொல்லாமல் இருப்பது நல்லது. 'பெர்ஃபெக்ட்' விஷயத்திலும் இப்படித்தான் சொல்வார்கள். ஆனால் அமெரிக்காவின் அரசியல் சட்டத்தை 1787-ல் எழுதிய பெரியவர்களே முதல் வரியில் 'மோர் பெர்ஃபெக்ட்' என்று எழுதியிருக்கிறார்கள். அவர்களை யார் கேட்பது? பரீட்சை எழுதும் உங்கள் பிள்ளைகளுக்கு மார்க் போய்விடும், ஜாக்கிரதை.

ஹைப்பர்பொலி: இதையும் ஹைப்பர்போல் என்று சொல்லக் கேட்கிறேன். கடைசியில் 'லி' வர வேண்டும். தமிழில் உயர்வு நவிற்சி அணி என்று படித்தோமே, அதுவேதான். உள்ளதை உள்ளதைவிடப் பெரிதாக்கிச் சொல்வது. கவிஞர்கள் சொன்னால் அழகு. பென்சில் டப்பாவுக்கு என் பேத்தி சொன்னதும் ஹைப்பர்பொலிதான்.

எல்லாரும் இப்போது அதைத்தான் செய்கிறோம். வாட்ஸ்அப்பில் யாராவது ஒரு கோலத்தின் போட்டோ போட்டால் ஆஸம், எபிக், அல்ட்டிமேட், மைண்ட் ப்ளோயிங் என்று வரிசையாக வந்து விழுகிறது. கோலம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நாளைக்கு நிஜமாகவே மூச்சை நிறுத்தும் ஒரு கோலத்தைப் பார்த்தால் என்ன சொல்வது? 'புலி வருது, புலி வருது' என்று கத்திய பையன் கதைதான். புலி வந்த அன்று அவனிடம் புதுச் சொல் இருக்கவில்லை.

ஆஸ்பத்திரியில்

வீட்டில் இந்தச் சொற்களைத் தவறாகச் சொன்னால் சிரிப்போடு போய்விடும். ஆஸ்பத்திரியில் தவறாகப் புரிந்துகொண்டால் வீண் பயமும் வரும், வீண் அலட்சியமும் வரும்.

அக்யூட்: 'கூர்மையான' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ரிப்போர்ட்டில் இதைப் பார்த்தவுடன் 'ரொம்பக் கடுமையானது' என்று நினைத்து வீடே அழ ஆரம்பித்துவிடுகிறது. டாக்டர்கள் பாஷையில் அக்யூட் என்றால் திடீரென்று ஆரம்பித்தது, குறுகிய காலம் இருப்பது என்றுதான் பொருள். சாதாரண ஜலதோஷமும் அக்யூட்தான். மாரடைப்பும் அக்யூட்தான்.

க்ரானிக்: 'காலம்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நெடுநாளாக இருப்பது என்று பொருள். முற்றிப்போனது என்று அர்த்தமில்லை. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு எல்லாம் க்ரானிக்.

ஸிவியர்: கடுமையைச் சொல்லும் சொல் இதுதான். ரிப்போர்ட்டில் மைல்டு, மாடரேட், ஸிவியர் என்ற மூன்றில் எது போட்டிருக்கிறது என்று தேடுங்கள். 'அக்யூட், மைல்டு' என்று இருந்தால் திடீரென வந்தது, ஆனால் லேசானது.

க்ரிட்டிக்கல்: கிரேக்கத்தில் 'தீர்மானம்', 'திருப்பம்'. அந்தக் கால கிரேக்க வைத்தியர்கள், நோய் இனி இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று முடிவாகும் கட்டத்தை 'க்ரைஸிஸ்' என்றார்கள். இப்போது உயிருக்கு ஆபத்தான நிலை என்று பொருள். 'முடிந்துவிட்டது' என்று பொருள் இல்லை.

நேடிர்: மறுபடி சந்திப்போம் என்று சொன்னேனே, இங்கேதான். புற்றுநோய்க்குக் கீமோதெரபி எடுத்துக்கொள்பவர்களுக்கு ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்துகொண்டே போய், ஒரு கட்டத்தில் அடிமட்டத்தைத் தொட்டு, பிறகு மெல்ல ஏறும். அந்த அடிமட்டத்துக்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர் நேடிர். பல மருந்துகளுக்கு இது ஊசி போட்ட 7 முதல் 14 நாட்களுக்குள் வரும். அந்த நாட்களில் உடம்புக்கு எதிர்ப்புச் சக்தி மிகக் குறைவு. அப்போது 100.4 டிகிரியோ அதற்கு மேலோ ஜுரம் வந்தால், கஷாயம் வைத்துப் பார்க்கலாம், காலையில் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. ராத்திரி எந்த மணியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்ய வேண்டும்.

எக்ஸ்க்ரூஷியேட்டிங்: இதற்குள் 'சிலுவை' என்ற லத்தீன் சொல் இருக்கிறது. சிலுவையில் அறைந்தாற்போன்ற வலி. கனடாவில் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொனால்ட் மெல்ஸாக் என்ற உளவியல் அறிஞர், வலியை விவரிக்கும் 78 சொற்களைத் தொகுத்து 1975-ல் ஒரு கேள்வித்தாள் வெளியிட்டார். குத்துகிறதா, எரிகிறதா, துடிக்கிறதா என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சொல். அதிலேயே வலியின் அளவுக்கு ஐந்து படிகள்: மைல்டு, டிஸ்கம்ஃபர்ட்டிங், டிஸ்ட்ரெஸ்ஸிங், ஹாரிபிள், எக்ஸ்க்ரூஷியேட்டிங். லேசானது, சங்கடப்படுத்துவது, வாட்டுவது, கொடுமையானது, கடைசியில் சித்திரவதை. வலியைக் கண்ணால் பார்க்க முடியாது, தெர்மாமீட்டர் வைத்து அளக்க முடியாது. நோயாளி சொல்லும் சொல்தான் டாக்டருக்கு அளவுகோல்.

ஓர்ப்படி கதை

என் பெரிய ஓர்ப்படி முப்பது வருஷமாக எதற்கும், "ஒண்ணுமில்லே, சாதாரணம்தான்" என்று சொல்லியே பழகியவள். கையில் கொதிக்கிற எண்ணெய் கொட்டினாலும் அதேதான். ஒருதடவை அவளுக்கு ஜுரம் என்பது மூன்றாம் நாள் அவள் மயங்கி விழுந்தபிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. "அக்கா மாதிரி பொறுமை யாருக்கு வரும்?" என்று நாங்களும் பாராட்டிப் பாராட்டியே வளர்த்துவிட்டோம். எபிடமி ஆஃப் பேஷன்ஸ்!

சில வருஷங்களுக்கு முன் ஓர் ஆடி வெள்ளிக்கிழமை. விடியற்காலையில் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவள், பாதியில் எழுந்து உள்ளே வந்து படுத்துவிட்டாள். "லேசாத் தலை வலிக்குது. தைலம் தேய்ச்சாச் சரியாப் போயிடும்" என்றாள். இரண்டு முறை வாந்தி எடுத்தாள். "வெறும் வயித்திலே காப்பி குடிச்சேன், பித்தம்" என்றாள். அவள் மகன்தான் பிடிவாதமாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். கூடவே நானும் போனேன்.

டியூட்டியில் இருந்தது ஒரு சின்னப் பெண். டாக்டர் என்று சொன்னால் நம்ப முடியாத வயசு. இவள் அங்கேயும், "ஒண்ணுமில்லேம்மா, சாதாரணத் தலைவலி" என்றாள். மகனும், "ஜஸ்ட் எ நார்மல் ஹெடேக், டாக்டர். ஒரு இன்ஜெக்ஷன் போட்டுட்டாப் போதும்" என்றான். அவன் என்ன செய்வான்? அம்மா சொன்னதை ஆங்கிலத்தில் சொன்னான்.

அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு, அருகில் வந்து கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "அம்மா, உங்க வாழ்க்கையிலே இதுவரைக்கும் வந்த தலைவலியிலேயே இதுதான் ரொம்ப அதிகமா?"

என் ஓர்ப்படி உடனே பதில் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். "ஆமாம்மா. இந்த மாதிரி ஒரு நாளும் வந்ததே இல்லே" என்றாள்.

"மெதுவா ஏறிச்சா, பட்டுனு வந்துச்சா?"

"கோலத்துக்குக் குனிஞ்சேன். யாரோ பின்னாலே வந்து பின்மண்டையிலே கட்டையாலே அடிச்ச மாதிரி இருந்தது. திரும்பிக்கூடப் பார்த்தேன், யாருமில்லே."

இதை எங்கள் யாரிடமும் அவள் சொல்லவில்லை. கேட்கவும் எங்களுக்குத் தெரியவில்லை.

அடுத்த பத்தாவது நிமிஷம் ஸ்கேன் அறைக்குக் கொண்டுபோனார்கள். மூளையின் ரத்தக்குழாயில் ஓர் இடம் கொப்புளம் போல உப்பி, வெடித்து, மூளையைச் சுற்றி ரத்தம் கசிந்திருந்தது. ஆபரேஷன் ஆயிற்று. மூன்று வாரம் ஆஸ்பத்திரி வாசம். இப்போது நடக்கிறாள், சமைக்கிறாள். இடது கையில் மட்டும் பிடிமானம் கொஞ்சம் குறைவு.

பிற்பாடு அந்த டாக்டர் பெண்ணிடம், "எப்படியம்மா அந்தக் கேள்வி கேட்கத் தோணிச்சு?" என்று கேட்டேன். "தோணலை, ஆன்ட்டி. படிச்சதுதான்" என்று சிரித்தாள். "இஸ் திஸ் தி வொர்ஸ்ட் ஹெடேக் ஆஃப் யுவர் லைஃப்? புஸ்தகத்திலே இருக்கிற கேள்வி. நான் தமிழ்லே கேட்டேன், அவ்வளவுதான்." ஒரே நிமிஷத்துக்குள் உச்சத்துக்கு ஏறும் தலைவலியை அவர்கள் 'தண்டர்கிளாப் ஹெடேக்' என்கிறார்கள். இடி இடித்தாற்போல வருவதால் அந்தப் பெயர். அப்படி வந்தால் மூளையில் ரத்தக்கசிவு இருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும் என்பது அவர்கள் பாடம்.

ஸ்கூலில் எனக்கு வேப்பங்காயாகக் கசந்த சூப்பர்லேட்டிவ் டிகிரி, என் ஓர்ப்படியின் உயிரைக் காப்பாற்றியது.

பென்சில் டப்பாவுக்கு 'வொர்ஸ்ட்' என்கிறது ஒரு தலைமுறை. மண்டைக்குள் ரத்தம் கசியும்போதும் 'சாதாரணம்' என்றது ஒரு தலைமுறை. முதலாவது ரகத்துக்கு நான் கொஞ்சம் சிக்கனம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். இரண்டாவது ரகம் நாம்தான், சகோதரிகளே. வீட்டில் மற்றவர் எல்லாருடைய வலியையும் பெரிசாகப் பார்த்துவிட்டு, நம் வலிக்கு மட்டும் 'லேசா', 'சுமாரா', 'பரவாயில்லை' என்று அடைமொழி போடுகிறோம். அது பொறுமை இல்லை. டாக்டருக்குத் தப்பான விலாசம் கொடுப்பது.

ஆகவே, டாக்டரிடம் போனால் தமிழிலோ ஆங்கிலத்திலோ இந்த மூன்றைத் தெளிவாகச் சொல்லுங்கள். எப்போது, எப்படி ஆரம்பித்தது: "இட் கேம் ஆன் ஸடன்லி" அல்லது "இட் கேம் ஆன் கிராஜுவலி." எவ்வளவு: வலியே இல்லை என்பது பூஜ்யம், கற்பனை செய்யக்கூடிய அதிகபட்ச வலி பத்து என்று வைத்து, "செவன் அவுட் ஆஃப் டென்" என்று சொல்லலாம். முன்பு வந்ததோடு ஒப்பிட்டால் எப்படி: "இட் இஸ் வொர்ஸ் தேன் பிஃபோர்" அல்லது "இட் இஸ் தி வொர்ஸ்ட் ஐ ஹாவ் எவர் ஹாட்." இந்தக் கடைசி வாக்கியத்தை உண்மையாகச் சொல்ல வேண்டிய நிலை வந்தால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். தமிழ்நாட்டில் இருப்பவர்கள் 108-க்குப் போன் செய்யுங்கள்.

வீட்டுப் பாடம்

கோடிட்ட இடத்தை நிரப்புங்கள். பிள்ளைகளைக் கேட்கக் கூடாது.

1. அத்தையின் நேர்மை எங்கள் குடும்பத்துக்கே உரைகல். ஷி இஸ் எ ——— ஆஃப் ஹானஸ்டி.

2. எங்கள் தெருக்கோடி வீட்டுக்காரர் கஞ்சத்தனத்தின் மொத்த உருவம். ஹி இஸ் தி ——— ஆஃப் ஸ்டிஞ்சினஸ்.

3. தொடர்கதை அடுத்த இதழோடு முடிகிறது. திஸ் இஸ் தி ——— சாப்டர்.

4. பத்து வருஷமாக மூட்டு வலி. இட் இஸ் எ ——— பெயின்.

5. அவர் புகழின் உச்சியில் இருந்தபோது நடித்த படம். ஹி வாஸ் அட் தி ——— ஆஃப் ஹிஸ் ஃபேம்.

விடைகள்: 1. பாரகன். 2. எபிடமி. 3. பெனல்ட்டிமேட். 4. க்ரானிக். 5. ஜெனித்.

ஐந்தும் சரியா? வெரி குட்! நாலு சரியென்றாலும் வெரி குட்தான். என் பேத்தி மட்டும் ஒன்றே ஒன்று சரியாகச் சொல்லிவிட்டு, "பாட்டி, ஐ ஆம் தி பெஸ்ட்!" என்றாள். டப்பாவும் கிடைத்துவிட்டதாம். பெஞ்சுக்கு அடியிலேயே இருந்ததாம்.